எட்டாம் மாதத்து நுரை

எங்கள் கடையில் எட்டு என்ற எண் கிடையாது.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், அரவை மில்லோடு ஒட்டிய சின்னக் கடை அது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய், புளி எல்லாம் மூட்டையாக வந்து படிக்கணக்கில் வெளியே போகும். அளப்பது என் மாமியார். முதல் படியை அவர் ஒன்று என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். அது ஊரில் பலரும் சொல்வதுதான். பிறகு ரெண்டு, மூணு என்று ஒழுங்காகப் போகும். ஏழு முடிந்ததும் படியைக் குவியலுக்குள் விட்டு, யாரையும் பார்க்காமல், 'இன்னொண்ணு' என்பார். அதற்கு அடுத்தது ஒம்போது.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும். சின்னசேலத்தில் எங்கள் அம்மா வீட்டில் எட்டுக்கு எந்த மரியாதைக் குறைவும் இருந்ததில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன் அத்த, எட்டு உங்கள இன்னா பண்ணுச்சு?"

"நம்ம வூட்டுக்கு ஆவாது."

"ஏன் ஆவாது?"

"ஆவாதுன்னா ஆவாது. காம்பு ஆயற வேலையப் பாரு."

அதோடு பேச்சு முடிந்தது. அத்தையிடம் ஒரு பேச்சு முடிந்தால் முடிந்ததுதான். இரண்டாவது முறை கேட்டவர் யாரும் அந்த வீட்டில் இல்லை, என் கணவர் உட்பட.

இப்போது நினைத்தால் அந்த நாட்களின் வாசனைதான் முதலில் வருகிறது. சீயக்காய்த் தூள் சந்து முழுக்கப் படிந்திருக்கும். புதிதாக உள்ளே வருகிறவர் எவராக இருந்தாலும் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பார். தபால்காரர் தும்முவார், காய்கறிக்காரி தும்முவாள், பெண் பார்க்க வந்தவர்கள்கூடத் தும்மிக்கொண்டே போனதாக எதிர்வீட்டில் சொல்வார்கள். வந்த சில மாதங்களில் எனக்குத் தும்மல் நின்றுபோனது. அன்றைக்கு ஏதோ பரிசு வாங்கியதைப் போலப் பெருமையாக இருந்தது.

சில நாட்கள் கணவரோடு மலைக்கும் போவேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி பஸ் ஏறும்போது காது அடைக்கும். வெள்ளிமலையில் இறங்கினால் காற்று வேறு. மூக்குக்குள் ஈரமாக, சில்லென்று இறங்கும். அங்கே பெண்கள் சாக்கை விரித்துப் பூந்திக்கொட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தையும் வந்தால் வேடிக்கைதான். குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு காயை எடுப்பார். கொட்டையை உதறிவிட்டுத் தோலைத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேய்ப்பார். நுரை வந்ததும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, மெதுவாக ஊதுவார். குமிழி விரலை விட்டுப் பிரிந்து கொஞ்ச தூரம் போனால் சரக்கு நல்லது. விரலிலேயே உடைந்தால் பழைய சரக்கு, விலையைக் குறைக்க வேண்டியதுதான்.

ஒருமுறை நான் வெறும் தண்ணீரில் விரலை நனைத்து ஊதிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அத்தை அலட்சியமாகப் பார்த்தார்.

"வெறும் தண்ணியில எங்கருந்துடி குமிழி நிக்கும்? அதுக்கு நொர வேணாமா?"

அந்த வார்த்தை பின்னால் எங்களுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் உண்டானதும் அத்தை என்னை மில்லுக்குள் விடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்குத் தூசி ஆகாதாம். கடை வாசலில் உட்கார்ந்து சீயக்காயில் காம்பு ஆயலாம், அவ்வளவுதான். மாதங்கள் போயின. ஏழாம் மாதம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்த ஒரு அம்மாள் எத்தனை மாதம் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அத்தை பதில் சொல்லிவிட்டார்.

"ஒம்போது நடக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் ஒன்பது என்றுதான் சொன்னார். என் வயிற்றில் இருந்தது ஒரே ராத்திரியில் ஒரு மாதம் வளர்ந்துவிட்டது. ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று எங்கள் பக்கம் பலரும் நம்புவார்கள். அத்தை அதையும் தாண்டி, எட்டு என்று வாயால் சொன்னாலே அது கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று பயந்தார். எனக்கு வேடிக்கையாக இருந்ததே தவிரக் கோபம் வரவில்லை. கடையில் இல்லாத எண் வயிற்றிலும் இல்லை என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

சிரித்த வாரத்திலேயே வந்தது. வெயில் ஏறாத காலை நேரம். மலையிலிருந்து வந்த மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காம்பு ஆய்ந்துகொண்டிருந்த எனக்குக் கீழே சாக்கு நனைந்திருந்தது. முதலில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தேன். செம்பு நிமிர்ந்தே இருந்தது. அத்தை பார்த்தார். படியைக் கீழே வைத்தார். "ஆட்டோவக் கூப்புடுடா" என்று மகனிடம் அவர் சொன்ன குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மாதம். மாதக் கணக்கு எழுதிய என் அட்டை சின்னசேலத்தில் அம்மாவிடம் இருந்தது. பிரசவத்துக்கு அங்கே போகப் போகிறோம் என்று துணிமணியோடு சேர்த்து முன்னாலேயே அனுப்பியிருந்தோம். ஆக, வாயால் சொல்வதுதான் கணக்கு.

"ஒம்போதும்மா" என்றார் அத்தை.

நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டு வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"வயிறு ஒம்போது மாதிரி இல்லையே. சரியாச் சொல்லுங்க, எத்தனை மாசம்?"

"ஒம்போதுதாம்மா. புள்ள சின்னதா இருக்குது, சாப்பாடு கம்மியா சாப்புடுவா" என்றார் அத்தை.

அப்போது ஒரு வலி வந்து போனது. அது போனதும் நான் சொன்னேன்.

"எட்டுங்க டாக்டர். இப்பத்தான் எட்டு பொறந்துச்சு."

அத்தையின் கை என் வாயை மூடியது. அந்தக் கையின் சீயக்காய் வாசனை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "அடிப்பாவி, சொல்லிட்டியே. வாயாலயே சொல்லிட்டியேடி" என்றார். டாக்டருக்கு வந்தது பாருங்கள் கோபம். "எடுங்கம்மா கைய! பொய் சொல்றதுக்கு இதுவா இடம்?" என்று கத்திவிட்டு, நர்ஸை ஊசி எடுத்து வரச் சொன்னார்.

தொடையில் ஊசி போட்டார்கள். அது எனக்கில்லை, உள்ளே இருக்கிற குழந்தையின் நுரையீரலுக்கு என்றார் டாக்டர். மாதம் முந்தி வருகிற குழந்தையின் நுரையீரலை அது அவசர அவசரமாகத் தயார் செய்யுமாம். "ஆனா இது வேலை செய்ய ஒரு நாளாவது வேணும். அதுவரைக்கும் குழந்தை உள்ளயே இருந்தா நல்லது" என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருடி, இருடி என்று கெஞ்சினேன். பெண்தான் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவள் அப்போதே யார் பேச்சையும் கேட்காதவள். சாயங்காலம் ஆவதற்குள் பிறந்துவிட்டாள்.

அழுதாள். ஒரே ஒரு சின்ன அழுகை. அதற்குப் பிறகு அழவில்லை, முனகினாள். ஒவ்வொரு மூச்சு வெளியே போகும்போதும் 'ம்ம்', 'ம்ம்' என்று ஒரு சத்தம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துப் போனது. துணியில் சுற்றிப் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலில் நின்றிருந்த அத்தையைத் தாண்டித்தான் ஓடினார்கள்.

அத்தை உள்ளே வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கும் அழுகை அடங்கியிருக்கும். அவர் திட்டவில்லை.

"இந்த முனகல் எனக்குத் தெரியும்" என்றார்.

என் கணவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டிலேயே, எட்டாம் மாதத்தில். காலையில் பிறந்தவன் இதே போல முனகிக்கொண்டே இருந்தானாம். அத்தை அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, பசிக்கு முனகுகிறான் என்று பால் புகட்டப் பார்த்திருக்கிறார். பொழுது சாயுமுன் சத்தம் நின்றுவிட்டது. "தூங்கிட்டான்னு நெனச்சி தட்டிக் குடுத்துகினு இருந்தேன்" என்றார். இதை அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லை. எத்தனையோ வருடங்களாக எட்டை மட்டும் வாயிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார். கடையில் நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்சம் தேறியதும் அத்தை என்னைத் தோளோடு தாங்கிக் குழந்தைகள் வார்டின் வாசலுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள். மூக்கில் மெல்லிய குழாய். அந்தக் குழாயின் இன்னொரு முனை தண்ணீர் பாட்டிலுக்குள் போய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குமிழி வருகிறவரை காற்று போகிறது என்று அர்த்தமாம். நான் குழந்தையைப் பார்க்கப் பயந்து அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். காலையில் கத்தியவர் இப்போது பெஞ்சில் எங்கள் நடுவே உட்கார்ந்துகொண்டார்.

"நுரையீரலுக்குள்ள குட்டிக் குட்டியா நிறைய காத்துப் பைங்க இருக்கும்மா. உள்ளுக்குள்ள ஈரமா இருக்கும். நனைஞ்ச பிளாஸ்டிக் கவர் ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும் பாருங்க, அந்த மாதிரி மூச்சு வெளிய போனதும் அந்தப் பைங்க ஒட்டிக்கப் பாக்கும். ஒட்டாம இருக்கறதுக்கு நுரையீரலே ஒண்ணு சுரக்கும், சோப்பு மாதிரி. நம்ம எல்லாருக்கும் இப்பவும் சுரந்துட்டேதான் இருக்கு. வயித்துல இருக்கற குழந்தைக்குக் கடைசி மாசங்கள்லதான் அது போதுமான அளவு ஊறும். இவளுக்கு இன்னும் ஊறல. அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டின பையைப் பிரிக்க வேண்டியிருக்கு. புது பலூன்ல முதல் ஊது ஊதறது எவ்வளவு கஷ்டம்? இவளுக்கு எல்லா மூச்சும் முதல் ஊதுதான். களைச்சுப் போயிடுவா."

அத்தை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக வளையம் சேர்ந்திருந்தன.

"வெறும் தண்ணியில குமிழி நிக்காது" என்றார் மெதுவாக. "புள்ளைக்கு நொர இல்ல. அதான?"

"ஆமாம்மா. அதேதான்."

"அப்ப இன்னாத்துக்கு முனகுது?"

"பைங்க முழுசா மூடிக்காம இருக்கறதுக்கும்மா. காத்து எல்லாம் வெளிய போயிடாம தொண்டையில பிடிச்சு வெக்கறா. அந்தச் சத்தம்தான் அது."

அத்தை விரல் வளையத்தைப் பிரித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, எங்கள் இருவரிடமும் இல்லாமல், எதிரே இருந்த சுவரிடம் சொன்னார்.

"அப்ப என் புள்ள சாவறதுக்கு முனகல. இருக்கறதுக்குத்தான் முனகியிருக்குது."

டாக்டருக்கு விவரம் புரிந்திருக்க வேண்டும். அவர் கையை அத்தையின் முழங்கால் மேல் வைத்தார். பிறகு, குழந்தைக்கு அந்த நுரையை மருந்தாகவே குழாய் வழியாக நுரையீரலுக்குள் விடலாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறது, விடட்டுமா என்று கேட்டார். சர்ஃபாக்டன்ட் என்று அதன் பெயரைச் சொன்னார். அத்தையின் வாயில் அது நுழையவில்லை. கடைசிவரை அவருக்கு அது நொர மருந்துதான்.

"எதுலேருந்து செய்வாங்க?" என்று கேட்டார். எந்தச் சரக்கையும் அடிக்குவியல் பார்க்காமல் வாங்காதவர் அல்லவா.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "பன்றியோட நுரையீரல்லேருந்து எடுக்கறதும்மா."

எங்கள் வீட்டில் பன்றியின் பெயரைச் சொன்னால் வாய் கொப்பளிக்கச் சொல்வார் அத்தை. சந்துக்குள் ஒன்று வந்துவிட்டால் விளக்குமாற்றோடு கடைத்தெரு வரை துரத்துவார். நான் அவரைப் பார்த்தேன். என் மகளின் மூச்சு அவருடைய ஆசாரத்தில் சிக்கிக்கொள்ளுமோ என்று பயந்தேன். என் சம்மதமே போதும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"விடும்மா" என்றார். "மூச்சுல இன்னா பன்னி, இன்னா மாடு."

மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்த நர்ஸ், சின்னப் புட்டியைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். நிற்கிறார், நிற்கிறார், உள்ளே போகவே இல்லை. அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா வேண்டிகினு நிக்கற? அங்க புள்ள தெணறுது."

"சில்லுனு இருக்கும்மா. அப்படியே விடக் கூடாது. கைச் சூட்டுல கொஞ்சம் சூடேறணும்."

"அப்ப நல்லாக் குலுக்கும்மா, சீக்கிரம் சூடேறும்."

"குலுக்கக் கூடாதும்மா. நுரை கட்டிடும். மெதுவாத் திருப்பணும், அவ்வளவுதான்."

அத்தை அடங்கிப்போனார். நுரை விஷயத்தில் அவர் ஒருவர் பேச்சைக் கேட்டு அடங்கியது அன்றைக்குத்தான். நர்ஸின் மூடிய கையையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அந்தக் கை கதவுக்குள் போனது.

உள்ளே என்ன செய்தார்கள் என்று பார்க்க விடவில்லை. திரை போட்டுவிட்டார்கள். அத்தை என் கையைப் பிடித்திருந்தார், நான் அவர் கையை. கல்யாணத்தன்று வீட்டுக்குள் அழைத்தபோது பிடித்ததற்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்ததே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. டாக்டர் வந்து திரையை விலக்கினார், என்னை மட்டும் வரச் சொன்னார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனேன்.

அவள் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விலா நடுவே தோல் முன்னைப் போல உள்ளே போகவில்லை. உதடு சிவந்திருந்தது. நான் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டேன். முனகல் இல்லை. பாட்டிலில் குமிழி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை கையை அசைத்து என்ன, என்ன என்று கேட்டார். நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அங்கே இருந்த நாட்களை நினைத்தால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏக்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசத்துக்கு ஏங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குழாயை எடுத்ததும் அவளைத் துணியில்லாமல் என் வெறும் மார்பில் படுக்க வைத்துப் புடவையால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் கதகதப்பில் இரண்டு பேரும் தூங்குவோம். பாலாடையில் துளித் துளியாகப் பால் புகட்டுவோம். அம்மாக்கள் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து, யாருக்குப் பால் ஜாஸ்தி, யார் பிள்ளை இன்று எடை கூடியது என்று பேசிக்கொண்டே இருப்போம். கருணாபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் மாமியார் நடப்பதைப் போல நடந்து காட்டுவாள். தையல் பிரிந்துவிடும், சிரிக்க வைக்காதே என்று எல்லாரும் கெஞ்சுவோம். கணவர் ஜன்னலுக்கு வெளியே புங்க மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பார். அவரையும் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டவர், ஒருமுறை கட்டிக்கொண்ட பிறகு அவிழ்க்கவே மாட்டேன் என்றார்.

அத்தைக்கு அங்கே ஒரே குறை, கை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீர். "நொரையே நிக்கல. தண்ணி கலந்து வச்சிருக்கானுங்க" என்று தினமும் நர்ஸிடம் புகார் சொல்வார்.

அப்படி ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நானும் அத்தையும் பிரசவ வார்டு வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். மலையிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். வலியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட அவள் கணவன். நர்ஸ் எத்தனை மாதம் என்று கேட்க, அவன் "ஒம்பதுங்க" என்றான். சொல்லிவிட்டுப் பெண்ணைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அத்தை நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, நெசமாவே ஒம்போதா?"

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எட்டுன்னு சொன்னா சேலத்துக்கு அனுப்பிருவாங்கன்னு சொன்னாங்கம்மா. அங்க எங்களுக்கு யாரையும் தெரியாது."

எங்கள் வீட்டுப் பொய்க்குக் காரணம் வேறு, அவன் பொய்க்குக் காரணம் வேறு. வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அத்தை நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"யம்மா, இதுக்கு ஏழுக்கு மேல இன்னொண்ணு."

நர்ஸுக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"ஏழுக்கு மேலம்மா. ஒம்போதுக்கு முன்னால."

"ஒழுங்காச் சொல்லுங்கம்மா, வேலை கிடக்குது."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்.

"எட்டும்மா! எட்டு மாசம்! ஊசி போடும்மா!"

நான் அவர் வாயால் எட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் அழுதுகொண்டே ஆமாம் என்று தலையாட்டினாள். டாக்டர் வந்தார். ஊசி போட்டார்கள். அவளுக்குப் பனிக்குடம் உடையவில்லை, வலியையும் மருந்து கொடுத்து அடக்கினார்கள். சேலத்துக்கும் அனுப்பவில்லை. அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஊசி மருந்து முழுசாகப் போய், அது வேலை செய்யவும் நேரம் கிடைத்தது. அத்தை தினமும் போய் அவள் கட்டிலருகே நின்று, "இன்னிக்கும் வராத. சும்மா கெட" என்று வயிற்றுக்கு உத்தரவு போட்டுவிட்டு வருவார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அது பிறந்தது. ஆண். நாங்கள் கூடத்தில் இருந்தோம். என் மகள் என் நெஞ்சில் கட்டுண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கதவுகளைத் தாண்டி அந்தப் பையனின் அழுகை வந்தது. முனகல் இல்லை, தொண்டை கிழிகிற அழுகை. நிறுத்தாமல் அழுதான். குழாயும் வேண்டியிருக்கவில்லை, நுரை மருந்தும் வேண்டியிருக்கவில்லை என்று நர்ஸ் வந்து சொன்னார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் மகளின் முதுகில் விரலால் தடவினார்.

"நான் மொதல்லயே நெசத்தச் சொல்லியிருந்தா இதுவும் இப்படிக் கத்தியிருக்கும், இல்ல?"

அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போன உடனே ஊசி போட்டிருந்தாலும் நேரம் போதியிருக்காது. டாக்டர் என்னிடம் அதைச் சொல்லியிருந்தார். அத்தையிடம் அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சில நேரம் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

"அதான் இப்ப மூச்சு உடறாளே அத்த. கத்தறதுக்கா வழியில்ல, இனிமே பாருங்க" என்றேன்.

நான் சொன்னது பலித்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து இன்றுவரை அவள் கத்தல் ஓயவில்லை. பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடுகிறாள். மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் திரும்பி வர அவளுக்கு மனசே வராது. அத்தை இருந்தவரை அவள் பாடுவதைக் கேட்க வேலிப் பக்கம் போய் நிற்பார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் பாடி முடிக்கும்வரை அத்தையும் தன் மூச்சைப் பிடித்திருப்பார்.

சந்துக்குள் பன்றி வந்தால் விளக்குமாறு எடுப்பதை அத்தை விட்டுவிட்டார். மில் ஆட்கள் கல்லை எடுத்தால், "போடு கீழ. நமக்கு ஒறவு அது" என்பார். சீயக்காய் வாங்க வரும் கர்ப்பிணிப் பெண்களை அவர் சும்மா விட்டதில்லை. எத்தனை மாதம் என்று கேட்பார். ஒன்பது என்றால் போச்சு, எந்த மாதம் தலைக்குக் குளிக்காமல் விட்டது என்பது முதல் குறுக்கு விசாரணை நடக்கும். "எட்டுன்னா எட்டுன்னு சொல்லிப் போடு. ஆஸ்பத்திரியில மறைக்காத" என்று பளிச்சென்று சொல்வார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றார்.

அத்தனையும் மாறியும் படி அளக்கும்போது மட்டும் எட்டு வரவே இல்லை. ஏழுக்குப் பிறகு அதே 'இன்னொண்ணு'. கேட்டால், "யாவாரம் வேற, புள்ள வேற" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

அப்போது மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. எண்ணக் கற்றுக்கொண்டிருந்தாள். கடையில் அத்தையின் மடியை ஒட்டி நின்று, அவர் அளக்க அளக்கக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். லாபம், ரெண்டு, மூணு. மலையிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு வந்தது. அத்தை படியைக் குவியலுக்குள் விட்டார்.

"ஆயா, ஏழுக்கு அப்புறம் இன்னா?" என்றாள்.

'இன்னொண்ணு' என்பார் என்று நான் காத்திருந்தேன். அத்தை படியை நிரப்பி, தலை தட்டி, சாக்கில் கொட்டினார். கொட்டிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீதான்டி" என்றார்.

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அடுத்த சாக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழு, பாப்பா, ஒம்போது. அத்தை போய் வருடங்களாகிவிட்டன. இப்போது படி என் கையில் இருக்கிறது. தோழிகள் கடைக்கு வந்தால், "அம்மா, இன்னிக்கு மட்டும் ஒழுங்கா எண்ணும்மா, மானம் போவுது" என்று என் மகள் காதோரம் வந்து கெஞ்சுகிறாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, வாய்க்குள்ளேயே அப்படித்தான் எண்ணுகிறேன். ஏழு, பாப்பா, ஒம்போது.